அங்க யாரு இருக்கா?

எடைப்பாலத்தில் இருபத்தாறு வருடம்.
லோரி ஏறி நிற்கும், எண் நடுங்கி அடங்கும்.
காயோடு ஓர் எடை, காயில்லாமல் ஓர் எடை.
கழித்து எழுதிக் கையெழுத்துப் போடுவேன்:
பரிமளகாந்தி, செம்பனை ஆலை, கோலக்கெட்டில்.

ஜூனில் லூசர்ன் போகிறேன் என்றேன்.
"லூசா?" என்றான் தம்பி.
சுவிட்சர்லாந்து, ஏரிக்கரையில் ஓர் ஊர்.
"அங்க யாரு இருக்கா?"

யாரும் இல்லை.
கல்யாணம் இல்லை, கருமாதி இல்லை,
நேர்த்திக்கடன் பாக்கி வைத்த சாமியும் இல்லை.
உரக் கம்பெனி கொடுத்த நாட்காட்டியில்
ஜூன் மாதத்துக்கு ஒரு படம்:
பெஞ்சு. அதன் முன்னால் தண்ணீர்.
தண்ணீருக்கு அப்பால் பனி மிச்சமிருக்கும் மலை.
பெஞ்சில் எவரும் உட்காரவில்லை.
ஜூலை பிறந்தும் தாளைத் திருப்பாமல் இருந்தேன்,
மேனேஜர் ஒரு கடிதத்தில் தேதி தப்பும்வரை.

ஐந்தாம் ஆண்டில்
கார் கூதிர் முன்பனி பின்பனி
இளவேனில் முதுவேனில் என்று
மூச்சுவிடாமல் ஒப்பித்துப்
பென்சில் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன்.
வெளியே அன்றும் மழை.
நான் பார்த்த பொழுது இரண்டுதான்:
காய் கொட்டுகிற மாதம்,
லோரிக்காரர்கள் தாயம் விளையாடுகிற மாதம்.
இங்கே ஏழரைக்கு யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல் இருட்டும்.
அங்கே வேனில் தொடங்கிவிட்டால்
ஒன்பதைத் தாண்டியும் வெளிச்சம் இருக்குமாம்.
அந்த ஒன்றரை மணி நேரத்தை
என்ன செய்வதென்று
பேருந்தில் யோசித்துக்கொண்டே வருகிறேன்.

சுங்கைப்பட்டாணி டிக்கெட் கடையில் ஹாஜா சொன்னான்:
"ஜூலைன்னா கொள்ளை விலைக்கா. ஜூன் ஏழு போங்க.
கோப்பி ஒன்னு முப்பது ரிங்கிட், பாத்துக் குடிங்க."
குடிக்க மாட்டேன். ரொட்டி, வாழைப்பழம், குழாய்த் தண்ணீர்.
கூட்டுப் பணம் நாலாவது கையாக எனக்கு விழுந்தது,
பண்டிகை போனஸ், விற்ற ஒரு ஜோடித் தோடு.
கணக்கு நிற்கிறது.
பாரத்தில் ஒரு கட்டத்தைப் பேனாவால் தட்டினான்.
"அங்க யாராச்சும் இருக்காங்களாக்கா?"

எட்டாவது ஆளாக
ரொட்டி சானாய்க் கடையில் ஒருவர் கேட்டபோது
வாய் தானாகச் சொல்லிவிட்டது:
"இருக்கா. சித்தப்பா மக. சொர்ணகலா."

புதன்கிழமை பசார் மாலத்துக்குள்
அவளுக்கு ஒரு வெள்ளைக்காரப் புருஷன் வந்துவிட்டான்.
வெள்ளிக்கிழமை, குழந்தை இல்லையாம், பாவம்.
பழைய கிராணி ஆரோக்கியசாமிக்கு அவளை நன்றாக ஞாபகம்:
"சின்னதுல பாத்திருக்கேன். கணக்குல கெட்டி."
என் பயணத்தைப் பற்றி
அதன்பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பொருள்கள் வர ஆரம்பித்தன.
தம்பி பெண்டாட்டி முறுக்கு, ஒரு பாத்திக் கைலி.
மண்டோர் வீட்டிலிருந்து
அம்மன் கோயில் திருநீறு, குழந்தை வரத்துக்கு.
பஞ்சவர்ணம் எலுமிச்சை ஊறுகாய்,
மூடிக்கு மேல் மூன்று சுற்று டேப்.
"அந்தக் குளிர்ல நாக்கு செத்துப் போயிருக்கும்."

உர ஸ்டோர்த் தராசில் பெட்டியை ஏற்றினேன்.
இருபத்து மூன்று கிலோ வரை விடுவார்கள்.
பெட்டி மூன்று.
சொர்ணகலாவுக்குப் பதினொன்றரை.
எனக்கு ஆறு.
இரண்டு முறை கழித்துப் பார்த்தேன், ஆறுதான்.

முதல் நாள் மாலை பெஞ்சில் உட்கார்ந்து
டேப்பைப் பிரிப்பேன்.
ரொட்டிக்கு ஊறுகாய் பொருந்துமா, தெரியவில்லை.
கப்பல் போகும், அன்னம் வரும்,
முறுக்கை உடைத்துப் போடலாமா என்று
யாரிடமாவது கேட்க வேண்டும்.
இருட்டாது. அவசரமில்லை.

நேற்று வேலை முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு
பஞ்சவர்ணம் கூடவே நடந்தாள்.
ஆலைச் சங்கு ஊதி அடங்கும்வரை பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
"அடுத்த வருஷம்
சொர்ணகலா என்னையும் கூப்புடுவாளா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.